முகமும் பெயரும்

தோட்டத்துக் கிராணிக்குப் புகைப்படப் பித்து எதற்கு என்று நம்மைக் கேட்டவர் பலர். குடும்பப் பாட்டைக் கவனியாமல் கண்ணாடிக்கும் பெட்டிக்கும் காசைக் கொட்டுகிறானே என்று வீட்டாரும் நொந்துகொண்டதுண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, பழைய காமிராக்கள் விற்கும் பட்டணத்துக் கடையொன்றில் நாம் வாங்கிய லென்ஸ், கால் கிலோவுக்குச் சற்றே மேற்பட்ட எடையுடையது. அந்தப் பணத்தைக் கொண்டு வீட்டுக் கூரையைச் செப்பனிட்டிருக்கலாம். ஆயினும் அந்தக் கண்ணாடி நமக்கு ஒரு பாடம் கற்பித்தது. அதனைக் கற்கும்போது நாம் தலைகுனியவும் நேர்ந்தது. அதையும் மறையாது நேயர்களுக்குச் சொல்லவே இதனை எழுதப் புகுந்தோம்.

நமது வேலை விடியலுக்கு முன்பே தொடங்குவது. ஐந்தரை மணிக்குப் பெரட்டு. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது மேற்கு மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி முன்னே தள்ளி வைத்தார்கள். அதனால் இங்கே சூரியன் ஏழு மணியளவிலேதான் முகங்காட்டுவது வழக்கம். ஆகவே பெரட்டுக் களத்தில் நாம் பெயர் கூப்பிடுகிற நேரம் நல்ல இருட்டு. ஆபீசுச் சுவரில் ஒரு குழல் விளக்கு, பால் வெட்டப் போவோரின் நெற்றியில் ஆளுக்கொரு சிறு விளக்கு, அவ்வளவே வெளிச்சம். பால் மரக் காடு சிறிதும் செம்பனைக் காடு பெரிதுமாகிவிட்ட நமது தோட்டத்தில், அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் நின்றுதான் நமது மக்கள் ஒவ்வொரு நாளையும் தொடங்குகிறார்கள். பெயர் கூப்பிட்டதும் ஒரு குரல் வரும். செக்ரோலில் ஒரு குறி விழும். மண்டோர் பின்னால் அவர்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். விடிந்த பிறகு பட்டணத்திலிருந்து படம் பிடிக்க வருகிறவர்கள் காண்பது மரங்களையே, மனிதரையன்று.

இந்த இருட்டைப் படமாக்க வேண்டும் என்பதே நமது ஆசை. அந்த ஆசைதான் நம்மை வேகமான லென்ஸிடம் கொண்டுபோய் விட்டது.

வேகமென்பது யாது?

வேகமான லென்ஸ் என்று புகைப்படக்காரர் சொல்லும்போது ஓடுகிற வேகத்தை எண்ணிவிடலாகாது. ஒளியை வாரிக்கொள்ளும் வேகமே அது. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு செம்பையும் ஓர் அண்டாவையும் வைத்தால், அண்டாவிலே சேரும் நீர் அதிகமன்றோ? வாய் அகன்றதே காரணம். லென்ஸின் வாயும் அத்தகையதே. அதன் அகலத்தைக் குறிக்க எஃப் எண் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். லென்ஸின் குவியத் தூரத்தை வாயின் விட்டத்தால் வகுத்தால் வருவது அவ்வெண். 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுடைய லென்ஸின் வாய் 12.5 மில்லிமீட்டர் திறந்தால் அது எஃப் 4. 25 மில்லிமீட்டர் திறந்தால் எஃப் 2. வகுத்தல் கணக்கானபடியால், எண் குறையக் குறைய வாய் பெரிதாகும். புதிதாகப் பழகுவோரை இந்த எதிர்க்கணக்கு சிறிது மயக்கத்தான் செய்யும்.

எஃப் 4இலிருந்து எஃப் 1.4க்கு வந்தால் ஒளி எட்டு மடங்காகிறது. நம்மிடம் முன்பிருந்த லென்ஸ், பெரட்டுக் களத்து விளக்கின் கீழ் விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் கேட்டது. எட்டில் ஒரு பங்கு அற்ப நேரமன்றோ என்று நேயர்கள் எண்ணலாம். அதற்குள் மனிதர் தலை திருப்புவார், கொட்டாவி விடுவார், பக்கத்தில் நிற்பவரோடு ஒரு வார்த்தை பேசுவார். படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை இருக்கும். புதிய லென்ஸுக்கோ விநாடியில் அறுபதில் ஒரு பங்கு போதுமாயிற்று. முகம் முகமாகவே நின்றது.

இந்த வேகத்தைத் தேடி மனிதன் உழைத்த கதை நெடியது. 1839இல் பிரான்சு தேசத்தில் டாகர் என்பவர் தமது புகைப்பட முறையை உலகுக்கு வெளியிட்டபோது, அன்றைய லென்ஸின் முன் மனிதர் நிமிடக் கணக்கில் அசையாது அமர வேண்டியிருந்தது. மறு ஆண்டே வியன்னாவிலிருந்த ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித ஆசிரியர் எஃப் 3.6 அளவுள்ள லென்ஸை வகுத்துக் கொடுத்தார். அவருக்கு உதவியாய்க் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்கள் என்பது வியப்புக்குரிய செய்தி. குண்டு விழும் இடத்தைக் கணித்த கைகள் ஒளி விழும் இடத்தையும் கணித்தன. மனித முகத்தைப் படம் பிடிப்பது ஒரு தொழிலாக வளர இந்த லென்ஸும் பெருந்துணை புரிந்தது.

லென்ஸின் வேகம் போதாத இடத்தில் வெடிமருந்தைக் கொண்டு வந்தவர்களும் உண்டு. டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர், 1880களின் கடைசியில் நியூயார்க் நகரத்து ஏழைகளின் இருட்டறைகளுக்குள் பளிச்சென்று எரியும் பொடியோடு நுழைந்தார். அவர் 1890இல் வெளியிட்ட நூல் அந்நகரத்தின் மனச்சாட்சியைக் குத்தியது மெய். ஆனால் உறங்கியவர்கள் திடுக்கிட்டு எழுந்ததும் மெய். கண்ணற்ற ஏழைகள் தங்கிய ஓர் அறையில் அவருடைய பொடி சுவரிலேயே தீப்பற்ற வைத்துவிட்டது. நன்மை செய்யப் போகிறவனும் கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

வெடியில்லாமல் இருட்டைப் பார்க்க வழி திறந்தது 1924இல். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்திலிருந்த எர்ணமன் நிறுவனம் எர்மனாக்ஸ் என்ற சிறு காமிராவை வெளியிட்டது. லூட்விக் பெர்ட்டெலே என்ற இளைஞர் வகுத்த எஃப் 2 லென்ஸ் அதன் முகத்தில் இருந்தது. சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற எரிச் சாலமன் என்பவர் அத்தகைய காமிராவைக் கையிலெடுத்தார். 1928இல் பெர்லின் நீதிமன்றத்துக்குள் தொப்பியில் அதை மறைத்து வைத்துப் படமெடுத்தார். சர்வதேச மாநாடுகளில் நள்ளிரவு கடந்து சோர்ந்து சாய்ந்திருந்த மந்திரிமாரைப் படமெடுத்தார். அதுவரை கல்லுருவங்களைப் போலப் படத்துக்கு நின்ற பெரிய மனிதர்கள், களைப்புள்ள மனிதர்களாக உலகுக்குத் தெரிந்தார்கள். யூதராய்ப் பிறந்த அவரை நாஜிகள் விட்டுவைக்கவில்லை. 1944இல் அவர் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிர் நீத்தார்.

இன்னொரு செய்தியும் சுவையானது. 1966இல் சந்திர ஆராய்ச்சிக்காகச் சைஸ் நிறுவனம் எஃப் 0.7 அளவுள்ள லென்ஸ்கள் சிலவற்றைச் செய்தது. 1975இல் வெளிவந்த பாரி லிண்டன் என்ற படத்துக்காக இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அவற்றில் மூன்றை வாங்கி, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபுக்களின் மெழுகுவத்தி விருந்துகளை அவ்வத்திகளின் வெளிச்சத்திலேயே எடுத்தார். பிரபுக்களின் மெழுகுவத்திக்கு அத்தனை மரியாதை கிடைக்குமானால், பால் மரம் வெட்டுகிறவளின் நெற்றி விளக்குக்குச் சிறிது கிடைக்கலாகாதா? நாம் லென்ஸ் வாங்கிய காலத்தில் நமக்கு நாமே சொல்லிக்கொண்ட நியாயம் இதுவே.

நாம் செய்த பிழை

ஒரு நாள் காலை, பெயர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில், அம்மையார் ஒருவர் தம் நெற்றி விளக்கைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவர் ஓய்வு பெற ஓராண்டே இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். நாம் காமிராவை எடுத்தோம். வாயை எஃப் 1.4க்கு அகலத் திறந்தோம். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அவருடைய கண்ணில் குறிவைத்து அழுத்தினோம். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நாம் கேட்கவுமில்லை, அவர் மறுக்கவுமில்லை.

படம் நாம் எதிர்பார்த்ததற்கு மேலாக அமைந்தது. அகன்ற வாய்க்கு ஒரு குணம் உண்டு. அத்தனை அருகிலிருந்து எடுத்தால் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஆழமே தெளிவாக விழும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை எல்லாம் கரைந்து போகும். அவருடைய கண்ணும் கன்னத்துச் சுருக்கமும் மூக்குத்தியும் தெளிவாய் இருந்தன. காதுகள் மங்கின. பின்னால் நின்றவர்கள் மஞ்சள் வட்டங்களாகவும் கறுப்பு நிழல்களாகவும் கரைந்திருந்தார்கள். இந்தக் கரைசலின் அழகைப் பற்றியே புகைப்பட அன்பர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள், நாமும் பேசினோம்.

பட்டணத்துப் புகைப்படக் கழகம் ஒன்று நடத்திய கண்காட்சிக்கு அதை அனுப்பினோம். ஏற்றுக்கொண்டு, பெரிதாக அச்சிட்டு மாட்டினார்கள். அதன் கீழே ஓர் அட்டை. 'விடியலில் ஓர் உழைப்பாளி' என்று நாமே கொடுத்த தலைப்பு. அடுத்து நமது பெயர். அதற்கடுத்துக் காமிராவின் பெயர், லென்ஸின் பெயர், எஃப் எண், விநாடிக் கணக்கு.

கண்காட்சியின் இரண்டாம் நாள் பள்ளி மாணவர் கூட்டமொன்று வந்தது. அதிலிருந்து ஒரு பெண் பிள்ளை விலகி நம்மிடம் வந்தாள். நமது தோட்டத்துப் பிள்ளைதான்.

"கிராணியையா, இது எங்க பாட்டிதானே?"

"ஆமாம் அம்மா, உன் பாட்டியேதான்," என்றோம், பெருமிதத்தோடு.

அவள் அட்டையை ஒருமுறை படித்தாள், மறுபடியும் படித்தாள். "அப்புறம் ஏன் பாட்டி பேரு போடல? நீங்கதானே தினம் காலையில கூப்பிடுறீங்க?"

நமக்கு விடை வரவில்லை. லென்ஸுக்குப் பெயர் போட்டிருந்தோம். எத்தனை விநாடி என்று போட்டிருந்தோம். பல ஆண்டுகளாக நாள் தவறாமல் நமது வாயால் கூப்பிட்ட பெயரைப் போட நமக்குத் தோன்றவில்லை. அவள் கோபத்தோடு கேட்கவில்லை. மறதியாய் விட்டிருப்போம் என்று எண்ணியே கேட்டாள். அது மறதியாய் இருந்திருந்தால் நமக்கு இத்தனை வெட்கம் வந்திராது. பெயர் போட்டால் படத்தின் கம்பீரம் குறையும், 'ஓர் உழைப்பாளி' என்றால்தான் கலையாகும் என்று நாம் உண்மையிலேயே நினைத்திருந்தோம்.

இவ்விடத்தில் நம்மைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நமது தந்தையார் கடன்பட்டு நம்மைப் பட்டணத்தில் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்க வைத்தார். அந்தப் படிப்பின் துணையால் பழைய மலாயாவைப் பற்றிய ஆங்கில நூல்களைப் புரட்டியிருக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்த பட நிலையங்கள் எடுத்த தமிழர் படங்களை அவற்றில் கண்டிருக்கிறோம். கையில் கூடையோடு ஒருவர். மூக்கிலும் காதிலும் நகையணிந்த ஒரு பெண். மாட்டு வண்டிக்காரர் ஒருவர். படத்தின் கீழே 'தமிழப் பெண்', 'கிளிங் கூலி' என்பதைப் போல இனப் பெயரே இருக்கும். ஆளின் பெயர் இராது. பூச்சியைக் குத்தி வைத்துச் சீட்டு ஒட்டுவது போலல்லவா ஒட்டியிருக்கிறான் என்று வெகுண்டு, நண்பர்களிடம் நீண்ட சொற்பொழிவும் ஆற்றியிருக்கிறோம். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. 1938இல் கங்காணி மூலம் ஆள் சேர்த்துக் கொண்டுவருவதும் நின்றது. அக்காலமெல்லாம் கடந்த பின், அதே மக்களின் வழிவந்த நாம், அந்தப் பழைய படக்காரன் எழுதிய சீட்டையே சற்று இனிய தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம்!

அன்றிரவு நமக்கு ஒன்று தெளிவாயிற்று. நமது தோட்டங்களின் வரலாறு இரண்டு ஏடுகளில் பிரிந்து கிடக்கிறது. செக்ரோலில் பெயர் உண்டு, முகம் இல்லை. ஆல்பத்தில் முகம் உண்டு, பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்து வைக்கக்கூடிய இடத்தில் இருந்தவன் கிராணி. நமது கையில் செக்ரோலும் இருந்தது, காமிராவும் இருந்தது. இருந்தும் சேர்க்கவில்லை.

மீண்டும் படித்த ஆசான்கள்

அதன் பின்னர், நாம் முன்பு வியந்து படித்த புகைப்படக்காரர்களை மீண்டும் படித்தோம். முன்பு அவர்களுடைய காமிராவின் பெயரையே தேடியிருந்தோம். இம்முறை, எதிரில் நின்றவரை அவர்கள் எவ்வாறு நடத்தினார்கள் என்று தேடினோம்.

லூயிஸ் ஹைன் என்பவர் நியூயார்க்கில் பள்ளியாசிரியராக இருந்தவர். 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவரைப் படமெடுத்தார். அவருடைய காமிரா கனத்த பெட்டி, வேகமான லென்ஸுமன்று. முன்னே அவரைச் சிறிது அலட்சியமாகக் கடந்து போயிருந்தோம். ஆலைக்குள் நுழைய அவர் வேதப்புத்தகம் விற்பவராகவும் காப்பீட்டு ஏஜண்டாகவும் வேடம் போட்டார். சட்டைப் பையினுள்ளே கைவிட்டு, வெளியே தெரியாமல் குறிப்புப் புத்தகத்தில் சிறுவரின் பெயர், வயது, வேலை ஆகியவற்றை எழுதினார். தமது கோட்டுப் பொத்தான்களின் உயரத்தை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, எதிரில் நிற்கும் குழந்தை எந்தப் பொத்தான் அளவு என்று பார்த்து அதன் உயரத்தைக் குறித்தார். அவர் எடுத்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. பலவற்றில் பெயரும் ஊரும் உண்டு. 1938இல் அந்நாட்டில் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இரண்டாண்டு கழித்து ஹைன் வறுமையில் இறந்தார். பெயரும் வயதும் குறித்த அவரைக் கிராணிகளின் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டென்று நினைக்கிறோம்.

டொரோத்தியா லாங் அம்மையாரின் கதை இதற்கு நேர்மாறானது. 1936 மார்ச்சு மாதம் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த கூலிகளின் முகாமில், குழந்தைகள் தோளில் சாய்ந்திருக்கக் கவலையோடு தூரத்தைப் பார்க்கும் ஒரு தாயை அவர் படமெடுத்தார். உலகில் அதிகம் பேர் பார்த்த படங்களில் அதுவும் ஒன்று. அந்தத் தாயின் வயது 32 என்று குறித்த லாங் அம்மையார், பெயரைக் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசாங்கம் உணவு அனுப்பிற்று. தாயோ அதற்குள் வேறிடம் போய்விட்டார். நாற்பதாண்டுகளுக்கு மேல் கழித்து, 1978இல்தான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிந்தது. அவர் அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மரபினர். தமது படம் எங்கும் பரவியும் தமக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருந்தினார். லாங் அம்மையாரின் நெஞ்சில் இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரக்கம் இருந்தும் பெயர் விட்டுப்போகும் என்பதையே நாம் அறிய வேண்டும்.

கோர்டன் பார்க்ஸ் கறுப்பினத்தவர். இரயிலில் உணவு பரிமாறும் வேலை செய்தவர். பயணிகள் விட்டுச் சென்ற பத்திரிகையில் நாடோடிக் கூலிகளின் படங்களைக் கண்டே அவருக்குக் காமிராவின் மேல் ஆசை பிறந்தது. அடகுக் கடையில் ஒரு காமிராவை வாங்கித் தாமே பழகிக்கொண்டார். 1942இல் வாஷிங்டன் அரசாங்கக் கட்டடத்தில் தரை கூட்டிய எல்லா வாட்சன் என்ற அம்மையாரை, தேசக் கொடியின் முன்னே துடைப்பத்தோடு நிறுத்திப் படமெடுத்தார். அதற்கு முன்னே அவரிடம் அவருடைய வாழ்க்கையைக் கேட்டறிந்தார். பின்னரும் அவருடைய வீட்டுக்கும் கோயிலுக்கும் போய்ப் படங்கள் எடுத்தார். கொடியின் முன் நின்றவர் எவர் என்று இன்றும் உலகுக்குத் தெரியும்.

நம் தமிழரிலும் இத்தகையவர் உண்டு. மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த எம். பழனி குமார், மீன் விற்ற தாயின் மகன். மலக்குழியில் இறக்கிவிடப்பட்டு மாண்டவர்களின் குடும்பங்களை அவர் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறார். அந்த வேலை இன்ன சாதிக்கு என்று நமது சமூகம் ஒதுக்கி வைத்த கொடுமையை அவருடைய படங்கள் மறைக்காமல் காட்டுகின்றன. அவர் செய்யும் மற்றொரு காரியமே நம்மை அதிகம் கவர்ந்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்துப் பழக்குகிறார். தமது முகத்தைப் பிறர் எடுக்கக் காத்திராமல், தமது வீட்டைத் தாமே எடுக்கும் பிள்ளைகள் அவர்கள்.

என் ஜோடி எங்கே?

கண்காட்சி முடிந்ததும் படத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போனோம். பெயரைப் போடாமல் விட்டதைச் சொல்லி மன்னிக்கும்படி கேட்டோம். அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா என் ஜோடி எங்க?"

நமக்கு விளங்கவில்லை.

"பின்னால நின்னாங்களே, அவங்கெல்லாம் எங்க? பனி மூடிட்ட மாதிரி இருக்கே."

லென்ஸின் வாய் அகன்றால் ஆழம் குறையும் என்பதை நமக்குத் தெரிந்தவரை விளக்கினோம். பொறுமையோடு கேட்டார். பிறகு, "அப்போ அவங்களும் தெரியற மாதிரி எடுக்க முடியாதா?" என்றார்.

"எடுக்கலாம் அம்மா. வாயைச் சுருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும்."

"அப்போ விடிஞ்சப்புறம் எடுங்க."

எந்தக் கரைசலை நாம் அழகென்று கொண்டாடினோமோ, அதில் அவருடைய முப்பதாண்டுத் தோழியர் கரைந்து போயிருந்தார்கள். தனியே எடுத்துக் காட்டத்தக்க முகம் என்று நாம் அவரைக் கருதினோம். அவரோ தம்மைத் தனியாள் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

மழையால் பால் வெட்டு நின்ற ஒரு நாள், ஏழரை மணிக்கு ஆபீசு வாசலில் ஐந்து பெண்மணிகள் வரிசையாக நின்றார்கள். லென்ஸை எஃப் 8க்குச் சுருக்கினோம். எல்லா முகமும் தெளிவாக விழுந்தது. பின்னால் இருந்த சுவரின் வெடிப்புங்கூட விழுந்தது. கண்காட்சிக்காரர் எவரும் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பின்னர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டோம். செக்ரோல்தான் இருக்கிறதே, கேட்பானேன் என்று முதலில் எண்ணியதுண்டு. கேட்டது நல்லதாயிற்று. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய, முன்னிருந்த கிராணிகளில் யாரோ ஒருவர் பெயருக்கு முன் 'கறுப்பு' என்று சேர்த்துவிட்டிருக்கிறார். நாமும் அப்படியே கூப்பிட்டு வந்திருக்கிறோம். "அதை மட்டும் எழுதாதீங்க ஐயா," என்று அந்த அம்மையார் மெல்லச் சொன்னார். செக்ரோலில் பெயர் இருந்தது என்று முன்னே சொன்னோமல்லவா? அந்தப் பெயரும் முழு உண்மையன்று என்று அன்று தெரிந்துகொண்டோம். மறுநாள் முதல் அந்தச் சொல்லை நமது வாயிலிருந்தும் ஏட்டிலிருந்தும் நீக்கினோம். அதற்கு எந்த லென்ஸும் தேவைப்படவில்லை.

ஐவருக்கும் ஆளுக்கொரு படம் அச்சிட்டுக் கொடுத்தோம். முதலில் எடுத்த தனிப் படத்தின் கீழும் பெயரை எழுதிக் கொடுத்தோம். அந்தப் பெயரை நேயர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். பத்திரிகையில் வேண்டாம், வீட்டுச் சுவரில் போதும் என்பது அந்த அம்மையாரின் விருப்பம். தமது பெயர் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவருடையதே அன்றோ?

இப்பொழுது நமது காமிராப் பையில் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கிறது. படம் எடுக்குமுன் கேட்பது, எடுத்தபின் பெயரெழுதுவது, எழுதியபின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று மூன்று விதிகளை வைத்துக்கொண்டோம். அந்த வழக்கம் நம்மை வேறொரு கூட்டத்தாரிடமும் கொண்டுபோய் விட்டது. இன்று நமது பெரட்டில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும். நமது முன்னோர் வந்தது போலவே கடன்பட்டு வந்தவர்கள் அவர்களிலும் பலர். நமது முன்னோரைப் பிறர் வகைப் பெயரால் அழைத்தது போலவே, நம்மவர் இவர்களை 'வங்காளி' என்று ஒரே சொல்லில் அழைத்து முடித்துவிடுகிறார்கள். ஓர் இளைஞரைப் படமெடுத்து, புத்தகத்தை அவரிடமே நீட்டினோம். அவர் தமது எழுத்தில் பெயரை எழுதி, வாய்விட்டும் சொன்னார். மூன்றாண்டுகளாக நாள்தோறும் அவருடைய பெயரைத் தவறாகவே கூப்பிட்டு வந்திருக்கிறோம்! மறுநாள் பெரட்டில் சரியாகக் கூப்பிட்டபோது, அவர் தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தார். விளக்கு மங்கலாகத்தான் இருந்தது. அந்த முகம் நமக்கு நன்றாகத் தெரிந்தது.

லென்ஸை விற்றுவிடலாமா என்று ஒருமுறை யோசித்ததுண்டு. விற்கவில்லை. இருட்டிலே உழைப்பவர்களைக் காண அது இன்றும் வேண்டியிருக்கிறது. இன்றைய காமிராக்கள் குறைந்த ஒளியிலும் நன்கு காண வல்லவை. ஆகையால் எஃப் 2.8க்குச் சுருக்கியும் பெரட்டில் எடுக்க முடிகிறது. பக்கத்தில் நிற்பவர்களும் கொஞ்சம் தெரிகிறார்கள்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்

முடிவாக ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் இருப்பவராயினும் பட்டணத்தில் இருப்பவராயினும், உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலோ அலமாரியின் அடித்தட்டிலோ சில பழைய படங்கள் இருக்கும். ஒரு கலியாணப் படம். பள்ளிக்கூடத்தின் முன் வரிசையாக நிற்கும் பிள்ளைகள். கோயில் திருவிழாவில் யாரோ ஒருவரின் தோளில் ஒரு குழந்தை. அவற்றை வெளியே எடுங்கள். வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால் அவர் பக்கத்தில் அமர்ந்து, இவர் யார், அவர் யார் என்று கேளுங்கள். படத்தின் பின்புறத்தில், ஓரமாக, மெதுவான பென்சிலால் பெயரையும் ஊரையும் தெரிந்தால் ஆண்டையும் எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும். அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். கைப்பேசிக்குள் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் பத்தையாவது அச்சிட்டுப் பெயரெழுதி வையுங்கள். கைப்பேசி பழுதானால் அத்தனையும் அதனோடு போய்விடும்.

இதற்குக் காமிரா வேண்டாம். வேகமான லென்ஸும் வேண்டாம். கேட்பதற்கு ஒரு நாழிகை வேண்டும். அதுவும் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே வேண்டும். நமது வீட்டில் ஒரு படம் இருக்கிறது. பழைய லயத்து வாசலில் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர் நமது பாட்டியார். மற்ற இருவரும் யார் என்று கேட்க, இப்பொழுது நமக்கு ஒருவரும் இல்லை.